ஜமக்காளக் கடைக்கு வெப்சைட்: முதலில் பெயரை உங்கள் பேரில் வாங்குங்கள்

கேள்வி:

அண்ணா, நாங்கள் பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்கிறோம். சொந்தமாக நான்கு குழித்தறி இருக்கிறது. வெளியில் பத்துப் பன்னிரண்டு பேர் எங்களுக்கு நெய்து கொடுக்கிறார்கள். அப்பா முப்பது வருடமாக நடத்தும் கடை. இரண்டு வருடமாக நானும் கூட இருந்து பார்க்கிறேன். வெப்சைட் செய்து தர ஒரு கம்பெனியில் 65,000 ரூபாய் சொல்கிறார்கள். பத்துப் பக்கம், ஆன்லைனில் பணம் கட்டும் வசதி, முதல் வருட டொமைன் இலவசம், கூகுளில் முதல் பக்கத்துக்கு கேரண்டி, அடுத்த வருடத்தில் இருந்து பராமரிப்புக்கு 15,000 என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. தம்பி இன்ஸ்டாகிராமே போதும் என்கிறான். அப்பாவோ, வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் வருகிறதே, இது எதற்கு என்கிறார். எங்களுக்கு வெப்சைட் தேவையா? இந்த விலை சரியா? தமிழில் வைத்தால் யாராவது படிப்பார்களா? அப்பாவின் போட்டோவைப் போடலாம் என்றால் அவர் கூச்சப்படுகிறார், அதற்கு என்ன செய்வது?

பவானி வாசகி

பதில்:

அண்ணா என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் தங்கச்சி என்றே எழுதுகிறேன். உங்களுக்கு வெப்சைட் தேவை. ஆனால் இந்த 65,000 ரூபாய் வெப்சைட் தேவையில்லை. கொட்டேஷனுக்குச் சரி சொல்லிவிடாதீர்கள், அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் நீங்களே உங்கள் கையால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயும் அரை மணி நேரமும் போதும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் தம்பி சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் பாதி சரி. புது ஆட்கள் உங்கள் ஜமக்காளத்தை முதன்முதலில் பார்ப்பது இன்ஸ்டாகிராமில்தான் நடக்கும். தறியில் ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாவை அரை நிமிட வீடியோவாகப் போட்டால் அதற்குக் கிடைக்கும் கூட்டம் எந்த வெப்சைட்டுக்கும் கிடைக்காது. அதை அவர் நிறுத்தவே வேண்டாம். ஆனால் அந்த இடம் நம்முடையது இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் வீடியோ போட்டு வாடிக்கையாளர் சேர்த்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. பின்தொடர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருடைய போன் நம்பர்கூடக் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல முடங்கின. நம் ஊரில் அது ராத்திரி நேரம் என்பதால் நிறையப் பேருக்குத் தெரியாமலே விடிந்துவிட்டது. இன்னொன்று, பலர் மறந்துபோனது: சிறு கடைக்காரர்களுக்காக கூகுள் இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு பக்க வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் அதுவே மூடிவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அடித்து வைத்திருந்த கடைக்காரர்கள் எனக்கே போன் செய்து கேட்டார்கள். அடுத்தவர் காட்டில் கிணறு வெட்டினால் தண்ணீர் வரும்தான். என்றைக்கு வேலி போடுவார்கள் என்று மட்டும் நமக்குத் தெரியாது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறவர்கள் யார் என்று நம்பர்களை ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள், மண்டபக்காரர்கள், கோயில்காரர்கள். அதாவது அப்பாவைத் தெரிந்தவர்கள். பெங்களூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்த ஒரு அம்மாவுக்கு உங்கள் நம்பர் தெரியாது. அவர் கூகுளில் தேடுவார். தேடினால் வருவது, பவானி என்ற பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட விசைத்தறி விரிப்பாகவும் இருக்கலாம். ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. உங்கள் ஊர் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இது எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இதைச் சொல்லவும் முடியாது, அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நிதானமாகச் சொல்ல, சொன்னது அங்கேயே நிற்க, உங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் வெப்சைட்.

இப்போது அந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வேலைக்கு வருவோம். அதுதான் டொமைன், உங்கள் கடையின் இணையப் பெயர். கொட்டேஷனில் 'முதல் வருட டொமைன் இலவசம்' என்று எழுதியிருக்கிறார்களே, என்னைக் கேட்டால் அந்தத் தாளிலேயே அதிக விலை உள்ள வரி அதுதான். இலவசமாக வாங்கித் தருகிறவர் பெரும்பாலும் அவருடைய கணக்கில், அவருடைய மெயில் ஐடியில், அவருடைய போன் நம்பரில்தான் வாங்குவார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்கு அது சுலபம். ஆனால் ஆவணப்படி அந்தப் பெயர் அவருடையது.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் வியாபாரி. தெரிந்த பையன் ஒருவன் வெப்சைட் செய்து கொடுத்தான், நன்றாகவே இருந்தது. மூன்று வருடம் கழித்து ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் வெப்சைட்டைத் திறந்தா ஏதோ சீட்டாட்டம் வருதுங்க" என்றார். விசாரித்தால், பையன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான், நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் யாரும் திறக்காத ஓர் இன்பாக்ஸில் கிடந்திருக்கின்றன. கெடு முடிந்து, பெயர் சந்தைக்கு வந்து, எங்கேயோ இருக்கும் ஒரு சூதாட்டக் கும்பல் அதை வாங்கிவிட்டது. நான் அவர் குடோனுக்குப் போனபோது வாசலில் ஒரு பெயிண்டர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். போர்டில் கடைப் பெயர், போன் நம்பர் எல்லாம் அப்படியே இருக்க, கடைசி வரியை மட்டும் வெள்ளைப் பெயிண்டால் அடித்துக்கொண்டிருந்தார். மூட்டை மூட்டையாக அச்சடித்த சாக்குகளிலும் அதே முகவரி. அவற்றை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு, வெப்சைட் வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் அவர்கள் போனிலேயே, அவர்கள் கார்டிலேயே டொமைனை வாங்க வைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சைத் தொடங்குகிறேன்.

எப்படி வாங்குவது? கடைக்கென்று புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இருபடிப் பாதுகாப்பைப் போட்டு, மீட்பு நம்பராக அப்பாவின் நம்பரைக் கொடுங்கள். அந்த மெயிலில் ஒரு டொமைன் விற்கும் நிறுவனத்தில் கணக்கு தொடங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் அப்பா பெயரோ உங்கள் பெயரோ, கடையின் முகவரியோடு கொடுங்கள். டாட் காம் வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகும், டாட் இன் கொஞ்சம் குறைவாக இருக்கும். முதல் வருடம் 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரம் வரும். அந்த விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று பாருங்கள். ஒரே தடவையில் ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடலாம், பத்து வருடம் வரைக்கும்கூட முடியும். நான் ஐந்து வருடத்துக்குக் கட்டச் சொல்வேன். டாட் காம் கெடு தவறினாலும் சில வாரம் அவகாசம் தருவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் வரைக்கும் அபராதம் கட்டி மீட்கலாம். அதையும் விட்டால்தான் அந்த மஞ்சள் வியாபாரிக்கு நடந்தது நடக்கும்.

ஒரு நுணுக்கம். டொமைன் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மெயில் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுபோகும், எச்சரிக்கைக் கடிதமே உங்களுக்கு வராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிடும். ஜிமெயிலாகவே இருக்கட்டும்.

எந்தப் பெயரை வைப்பது என்பதில் உங்களுக்குக் கூடுதல் சிக்கல் இருக்கிறது. ஜமக்காளம் என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவீர்கள்? ஒருவர் இரண்டு 'கே' போடுவார், ஒருவர் ஒன்று. ஜமுக்காளம் என்று சொல்கிறவர்கள் நடுவில் 'யு' போடுவார்கள். பவானிக்கே 'பி'க்குப் பக்கத்தில் 'எச்' வேண்டுமா வேண்டாமா என்று ஆளுக்கொரு கணக்கு. போனில் ஒரு தடவை சொன்னால் எதிரில் இருக்கிறவர் பிழையில்லாமல் எழுத வேண்டும், அதுதான் நல்ல பெயர். சொந்தக்காரர்களில் நான்கு பேருக்குப் போன் செய்து பெயரைச் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நான்கும் ஒரே மாதிரி வந்தால் வாங்குங்கள். ஜமக்காளம் என்ற சொல் பெயரில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடையின் பெயர் சின்னதாக இருந்தால் அதுவே போதும், கூகுள் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளும். தமிழ் எழுத்திலேயே, '.இந்தியா' என்று முடியும் டொமைனும் வாங்கலாம். ஆசை இருந்தால் இரண்டாவதாக வாங்கி முதல் பெயருக்குத் திருப்பிவிடுங்கள். சில இடங்களில் அந்த முகவரியை இன்னும் ஏற்க மறுக்கிறார்கள், அதனால் முதன்மைப் பெயராக வேண்டாம்.

வெப்சைட் செய்கிறவர் டொமைன் பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது, உங்கள் பெயரைத் தட்டினால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று காட்டும் நேம்சர்வர் என்ற இரண்டு வரியை அங்கே மாற்றுவது மட்டும்தான். அவர் அந்த வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நீங்களே உள்ளே போய் ஒட்டி சேமித்துவிடலாம். ஹோஸ்டிங் கணக்கும் இதே மாதிரி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டொமைன் என்பது பெயரும் முகவரியும் என்றால், ஹோஸ்டிங் என்பது படங்களும் எழுத்தும் குடியிருக்கும் இடம். உங்கள் அளவு கடைக்கு வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரத்துக்கு மேல் அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி கொட்டேஷன். கூகுளில் முதல் பக்கத்துக்கு கேரண்டி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பத்துப் பக்கம் எதற்கு? 'எங்கள் நோக்கம்', 'எங்கள் தொலைநோக்கு' என்று இரண்டு பக்கத்தை நிரப்புவார்கள், ஜமக்காளம் வாங்க வருகிறவர் அதைப் படிக்க மாட்டார். பூட்டுப் போட்ட அடையாளத்துக்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்கென்று தனியாக இரண்டாயிரம், மூவாயிரம் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது 2015-இல் இருந்தே இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல ஹோஸ்டிங்கில் தானாகவே வந்துவிடும். பராமரிப்பு 15,000 என்றால் என்னென்ன செய்வார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை முழு நகல் எடுத்து உங்களுக்கு ஒரு பிரதி அனுப்புவது, மென்பொருளைப் புதுப்பிப்பது, வருடத்துக்கு இத்தனை தடவை படமும் விலையும் மாற்றித் தருவது என்று தெளிவாக இருந்தால் அது நியாயமான வேலைதான், விலையைப் பேசிக் குறைக்கலாம். எதுவும் எழுதித் தர மாட்டேன் என்றால் அது வெறும் வருட மாமூல்.

என் கணக்கில், நீங்கள் தொடங்க வேண்டியது நான்கு பக்கம். முகப்பு, ஜமக்காளங்கள், எப்படி ஆர்டர் செய்வது, எங்கே இருக்கிறோம். உள்ளூரில் தனியாக வேலை செய்யும் நல்ல பையனோ பெண்ணோ 12,000-இல் இருந்து 20,000-க்குள் இதைச் சுத்தமாகச் செய்து தருவார்கள். வெப்சைட் செய்வதற்கென்றே உள்ள வேர்ட்பிரஸ் என்ற பொது மென்பொருளில் செய்யச் சொல்லுங்கள். நாளைக்கு அவர் இல்லை என்றால் இன்னொருவர் எடுத்து நடத்தலாம், அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களே சொந்தமாக எழுதிய மென்பொருள் என்று சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

அந்த நான்கு பக்கத்தில் என்ன எழுதுவது என்று வெப்சைட் செய்கிறவரைக் கேட்காதீர்கள். அவருக்கு ஜமக்காளம் தெரியாது. கடை போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை வையுங்கள். பத்து நாளைக்கு, போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'ஆறுக்கு ஒன்பது என்ன விலைங்க?' 'சாயம் போகுமா?' 'மெஷின்ல துவைக்கலாமா?' 'கோயில் பேர் நெய்து தருவீங்களா, எத்தனை நாள் ஆகும்?' 'சென்னைக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்?' பதினோராம் நாள் அந்த நோட்டைப் பார்த்தால் எது அடிக்கடி வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கு அப்பா சொல்லும் பதில்களையும் எழுதினால் வெப்சைட் முடிந்தது. கூகுளில் ஜனங்கள் தேடுவதும் இதே வார்த்தைகளைத்தான். முதல் பக்கத்துக்குப் போக எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான், கொஞ்சம் மாதங்கள் பிடிக்கும்.

விலையைப் போடுங்கள். போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்று பயப்பட வேண்டாம், அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். விலை தெரியாமல் 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்று மட்டும் இருந்தால் பாதிப் பேர் கூப்பிடாமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அளவுக்குப் பக்கத்தில் எடையையும் போடுங்கள். ஒவ்வொரு அளவிலும் ஒன்றைத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தபாலோ கூரியரோ, கட்டணம் எடையைப் பொறுத்துத்தான். கூரியர்காரர்கள் கட்டின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து அதையும் எடையாகக் கணக்குப் போடுவார்கள், எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். அதனால் சுருட்டி அனுப்புவதா மடித்து அனுப்புவதா என்பதில்கூட உங்களுக்கு லாப நஷ்டம் இருக்கிறது. இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்து அளந்துவிடுங்கள்.

படங்களுக்கு ஸ்டுடியோ வேண்டாம். காலை எட்டு மணி வாக்கில் திண்ணையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் விரியுங்கள். ஃப்ளாஷ் போடாதீர்கள், நிறம் மாறித் தெரியும். ஒரு ஜமக்காளத்துக்கு நான்கு படம் எடுங்கள். முழுதாக மேலிருந்து ஒன்று. அதன் மேல் இரண்டு பேர் உட்கார்ந்தபடி ஒன்று. அளவு என்னவென்று அப்போதுதான் கண்ணுக்குப் புரியும். ஒரு மூலையை மடித்து அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒன்று. கரை ஓரத்தைக் கிட்டப் போய் ஒன்று. இந்தக் கடைசிப் படம்தான் உங்களுக்கு வியாபாரம் கொண்டுவரும். குறுக்கே ஓடும் ஊடை நூல் அடுக்கடுக்காக இறங்கி நிற்பதும், பட்டை நிறம் மாறும் இடமும், கை நெசவில் வரும் லேசான ஏற்ற இறக்கமும் அதில் தெரியும். பக்கத்தில் ஒரு விசைத்தறி விரிப்பின் கரையையும் அதே மாதிரி எடுத்துப் போட்டு, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நான்கு வரி எழுதுங்கள். யார் பெயரையும் சொல்லத் தேவையில்லை. உங்கள் தொழிலில் எத்தனை கடைக்காரர்கள் இதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார்கள்! புவிசார் குறியீட்டின் முத்திரையைப் போட ஆசைப்படுவீர்கள். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு வேண்டும், உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் விண்ணப்பிக்கலாம். நிறம் பற்றி ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள், போன் திரையில் தெரியும் நிறத்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்று. திருப்பி அனுப்பும் சண்டைகளில் அது உங்களைக் காப்பாற்றும்.

போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. இருக்கும். அப்படியே ஏற்றினால், கல்யாண மண்டபத்தின் உள்ளறையில் அரைகுறை சிக்னலில் உங்கள் பக்கத்தைத் திறப்பவர் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். ஒரு படம் 200 கே.பி.க்குள் இருக்கட்டும், இதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

தமிழில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வையுங்கள், ஆங்கிலத்திலும் வையுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேடுவார்கள். பணம் கொடுக்கும் முன் அம்மாவிடம் போனை நீட்டுவார்கள், அம்மா தமிழில் படிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். நோட்டீஸ் அடித்துக் கொடுத்த அச்சகத்தில் தட்டச்சு செய்து வைத்த தமிழை அப்படியே ஏற்றிவிட முடியாது. அவர்கள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பார்கள், வெப்சைட்டில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். இதைச் சமாளிக்கச் சிலர் தமிழ் முழுவதையும் படமாக மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கத் தமிழாக இருக்கும், கூகுள் தேடலில் கிடைப்பது கஷ்டம். எல்லாப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும், பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போனில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், தனியாகத் தேர்வானால் சரி.

ஆன்லைனில் பணம் கட்டும் வசதி இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் ஆர்டரில் பாதி, அளவு சொல்லி, நிறம் சொல்லி, பெயர் நெய்யச் சொல்லி வருவது. அதைப் பேசித்தான் முடிக்க முடியும். ஒவ்வொரு ஜமக்காளத்துக்குக் கீழேயும் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் இருக்கட்டும், அழுத்தினால் 'ஆறுக்கு ஒன்பது, சிவப்புப் பட்டை, வேண்டும்' என்று செய்தி தயாராகத் திறக்கும் மாதிரி. அப்பாவின் வாட்ஸ்அப்பும் வீணாகாது, வேலையும் அவர் பழகிய இடத்திலேயே நடக்கும். மாதத்துக்கு நாற்பது ஐம்பது ஆர்டர் வெப்சைட் வழியாக வரத் தொடங்கினால் அப்போது பேமென்ட் கேட்வே என்ற அந்தப் பணம் கட்டும் வசதியைச் சேர்க்கலாம். அதற்கு விண்ணப்பிக்கும்போது திருப்பி எடுக்கும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, தொடர்பு முகவரி எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகாரைக் கவனிக்க ஒருவரின் பெயரும் தொடர்பு எண்ணும் வெளிப்படையாக இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டி பதிவு பற்றிய கேள்வி வரும். கைவினைப் பொருள்களுக்குச் சில சலுகைகள் உண்டு, ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நம்பரை வெப்சைட்டில் போட்ட பிறகு வரும் போன்களைப் பற்றி அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டொமைன் வாங்கிய மறுநாளில் இருந்தே 'வெப்சைட் செய்து தருகிறோம்' என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள், அது வெறும் தொந்தரவு. ஆபத்தானது வேறு. ராணுவத்தில் இருந்து பேசுகிறோம், கேம்ப்புக்கு இருபது ஜமக்காளம் வேண்டும், விலை பேசவே வேண்டாம், பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு அனுப்புகிறோம், ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். நமக்கு வரும் பணத்துக்கு நாம் பின் போட வேண்டியதே இல்லை. போட்டால் போவது நம் பணம். இந்த ஒரு வரியைக் கல்லாப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். தப்பித் தவறி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

வெப்சைட் வருவதற்கு முன்பே நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூகுள் மேப்பில் உங்கள் கடையைப் பதிவு செய்யுங்கள், நேரம், போட்டோ, போன் நம்பரோடு. பவானி கூடுதுறைக்கு வருகிறவர்கள் அங்கிருந்தே 'ஜமக்காளக் கடை' என்று தேடுவார்கள். சரிபார்ப்புக்குப் பணம் கேட்டு யாராவது கூப்பிட்டால் அது கூகுள் இல்லை. பழைய வாடிக்கையாளர்களிடம் கருத்து எழுதச் சொல்லலாம், அதற்கு அப்பா கேட்டால்தான் மறுக்காமல் எழுதுவார்கள்.

அப்பாவின் போட்டோவுக்கு வருகிறேன். முகம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். அவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும்போது, சொல்லாமல், பின்னால் நின்று தோளுக்கு மேலாக அவர் கையை மட்டும் எடுங்கள். நாடாவைப் பிடித்த கையும் அதற்குக் கீழே பாதி நெய்த பட்டையும் வந்தால் போதும். எடுத்ததை அவரிடம் காட்டி, இதைப் போடலாமா என்று கேளுங்கள். கையைப் போட அனேகமாக வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அப்புறம் ஒரு நாள் கடையில் யாராவது 'இது எத்தனை வருஷம் உழைக்கும்?' என்று கேட்கும்போது, அவர் சொல்லும் பதிலைப் போனில் பதிவு செய்துவைத்து, ஒரு வார்த்தை மாற்றாமல் அந்தப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். முகப்புக்கு அது போதும். மற்றதை நோட்டு பார்த்துக்கொள்ளும். பத்து நாள் எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள், எந்தக் கேள்வியை முதலில் வைக்கலாம் என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.